இருமுகிறவர்களுக்கு உள்ளே வேலையில்லை

அத்தியாயம் 11

லொரெய்ன் வருகிறாள் என்ற செய்தியைத் தன் மனைவியிடம் சொல்ல வெர்ன் ஐந்து நாள் தயங்கினான் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். கடைசியில் அவன் சொன்ன இடம் இருக்கிறதே, அதுதான் லட்சணம். கார் கழுவும் நிலையத்துக்குள், நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது, நாடீன் கதவைத் திறந்து இறங்கிப் போக முடியாத நேரம் பார்த்துச் சொன்னான்.

"தேங்க்ஸ்கிவிங்குக்கு அக்காவைக் கூப்பிட்டுட்டேன்."

  வீட்டுக்கு வந்ததும் நாடீன் பின்னறைக் கதவில் ஒரு வருஷமாக ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து வாசல் கதவில் ஒட்டினாள். கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை: இருமுகிறவர்களுக்கு உள்ளே வேலையில்லை.

புதிதாக இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடீன் கூபியாக் ஈரி ஏரிக்கரை நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வெர்ன் அவள் புருஷன். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் இருபத்தாறு வருஷமாக மத்தளம். லொரெய்ன் அந்த அக்கா. நாத்தனார் என்றால் எந்த ஊர் ஏரிக்கரையிலும் நாத்தனார்தான்.

பின்னறையில் மூன்று ஃபெரட்டுகள் இருக்கின்றன. நீண்ட உடம்பு, குட்டைக் கால், கீரிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு முகம். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, வாடை தாங்காமலோ கடி தாங்காமலோ கைவிட்டவை. நாடீன் ஒவ்வொன்றாக எடுத்து வந்து சேர்த்தாள். கிழவன் டியூக், திருட்டுப் பயல் பிக்கிள், பால் வெள்ளையாக பெட்டூனியா.

போன கிறிஸ்துமஸ் வரைக்கும் நாலாவதாக க்ளோவர் என்று ஒருத்தி இருந்தாள். மனுஷருக்கு வருகிற ஃப்ளூ காய்ச்சல் ஃபெரட்டுக்கு அப்படியே தொற்றிக்கொள்ளும். இது தெரிந்தவர்கள் ஊரில் குறைவு. தெரிந்தும் நம்பாதவர்களில் லொரெய்ன் முதல் ஆள். அன்றைக்கு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். கேட்டதற்கு "அலர்ஜி" என்றாள். க்ளோவர் அவள் கைப்பைக்குள் தலையை விட்டு, ஈரக் கைக்குட்டையை உருவிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. ஃபெரட்டுக்குத் திருட்டு ரத்தத்தில் ஊறியது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் க்ளோவர் போய்ச் சேர்ந்தது.

ஈஸ்டர் விருந்தில், பாதிரியாரும் பங்காளிகளும் உட்கார்ந்திருந்த மேஜையில், நாடீன் எழுந்து நின்று சொன்னாள்: "க்ளோவரைக் கொன்னது நீங்கதான் அண்ணி." லொரெய்ன் கோட்டை எடுத்துக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் காலெடுத்து வைக்கவில்லை.

இன்றைக்கு வருகிறாள்.

*

காலையிலிருந்து நாடீனுக்கு ஒரே புழுக்கம்.

வான்கோழி அடுப்புக்குள் இருந்தது. அடுப்பு சூடு என்று நினைத்துக்கொண்டாள். வயது ஐம்பத்தொன்று, கொஞ்ச நாளாகத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து அடங்குகிறது. அதுவாக இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வருகிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காரணம் போதும் என்று டாக்டர்களே சொல்லும்போது அவளை மட்டும் குறை சொல்லி என்ன?

வெர்ன் கீழ்த்தளத்தில் இருந்தான். திங்கட்கிழமை இரண்டு தடவை செருமினான் என்பதற்காக அவனைத் தலையணையோடு கீழே அனுப்பிவிட்டாள். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலில் அவன் வனவாசம் நடந்துகொண்டிருந்தது. மகள் டெஸ் நேற்று, காலேஜ் படிக்கும் பஃபலோ நகரத்திலிருந்து வந்தாள். அவளுடைய அறைத் தோழிக்குக் காய்ச்சல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். உடனே அவளுக்கும் பின்னறை தடை.

ஆகப் பின்னறைக்குள் போக உரிமையுள்ளவள் நாடீன் ஒருத்திதான். போனாள்.

முதலில் பெட்டூனியாவுக்கு நகம் வெட்டினாள். அதற்கொரு தந்திரம் உண்டு. மல்லாக்கப் போட்டு, தொப்பையில் ஒரு சொட்டு மீன் எண்ணெய் விட்டால், அது தன் வயிற்றையே நக்கிக்கொண்டு உலகத்தை மறந்துவிடும். அந்த நேரத்தில் பதினெட்டு நகத்தையும் வெட்டிவிடலாம். மீதி இரண்டுக்குக் கெஞ்ச வேண்டும். வெட்டி முடித்து, அதைத் தூக்கி மூக்கோடு மூக்கு வைத்து, "என் ராஜாத்தி, இன்னிக்கு ஒரு பூதம் வருது, வெளியே வந்துடாதே" என்று சொன்னாள்.

பிறகு டியூக். அதற்கு வயது ஏழு. ஃபெரட் கணக்கில் தாத்தா. கணையத்தில் கட்டி. ரத்தத்தில் சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். காலையில் மருந்து, பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கோழிக்கறியை வேகவைத்து மசித்த கஞ்சி. ஒரு வேளை தப்பினால் வலிப்பு வரும். இரண்டு வேளை தப்பினால் அவ்வளவுதான். ஆறு மாதமாக நாடீன் ஒரு வேளையும் தப்பவிடவில்லை. காலை பஸ்ஸுக்கும் மாலை பஸ்ஸுக்கும் நடுவில் ஓடி வந்து ஊட்டிவிட்டுப் போவாள்.

டியூக் அவள் விரலிலிருந்தே நக்கிக் குடித்தது. குடித்துவிட்டு அவள் புறங்கையை ஒரு தடவை நக்கியது. அதுதான் அதன் நன்றி.

"உன்னை யாரும் தொட முடியாது" என்றாள் நாடீன். "நான் இருக்கேன்."

*

லொரெய்ன் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தாள். ஏரிப் பனி அப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது. துண்டில் சுற்றிய பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியேறினாள். உள்ளே பியரோகி. உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து, வெண்ணெயில் வெங்காயம் வதக்கிப் புரட்டிய கொழுக்கட்டை. கூபியாக் வம்சத்தில் அது இல்லாத விருந்தை யாரும் விருந்தென்று ஒப்புக்கொள்வதில்லை. அவள் வராத இந்த வருஷத்தில் வந்த பிறந்தநாள், ஞானஸ்நானம் எல்லாவற்றிலும் ஜனங்கள் அரை வயிறோடுதான் எழுந்தார்கள்.

கதவு திறந்தது. நாடீன் நிலைப்படியில் குறுக்கே நின்றாள். கையில் நெற்றிக்கு நேரே நீட்டுகிற காய்ச்சல் மானி.

"நெத்தியைக் காட்டுங்க அண்ணி."

லொரெய்ன் அட்டையைப் படித்தாள். மானியைப் பார்த்தாள். பிறகு நாடீனைப் பார்த்தாள்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. உடனே துப்பாக்கியா?"

"வாங்க. நெத்தியைக் காட்டுங்க."

"காய்ச்சல் இருந்தா எனக்குத் தெரியாதா?"

"போன கிறிஸ்துமஸ்ல தெரியலியே."

பின்னால் வெர்ன் மெல்லச் செருமினான். செருமியதற்காகவே பயந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"இது எங்க அப்பா கட்டின வீடு" என்றாள் லொரெய்ன். "இந்த வாசல்ல என்னை எவளும் மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி பார்க்கக் கூடாது. நான் காட்ட மாட்டேன்."

"அப்ப உள்ளே வர முடியாது."

"ஒரு எலிக்காக."

"எலி இல்ல. மூணு ஃபெரட்டுக்காக. நாலாவதுதான் இல்லியே."

வெர்ன் நடுவில் வந்தான். "நாடீன், சும்மா ஒரு தடவை..."

"நீ கீழே போ. இருமறே."

அறுபத்துமூன்று வயதில் லொரெய்னுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: கோபித்துக்கொண்டு போவதை ஒரு தடவைதான் செய்ய முடியும். இரண்டாம் தடவை போனால் ஜனங்களுக்குப் பழகிவிடும். அதனால் அவள் போகவில்லை. படியிறங்கி, திறந்து கிடந்த கார் ஷெட்டுக்குள் நடந்து, பனிச் சறுக்குப் பலகைகளுக்கும் பழைய டயர்களுக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உள்ளே வாங்கன்னு நீ சொல்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள். "பியரோகியும் இங்கதான் இருக்கும்."

அது யுத்த தர்மத்துக்கு விரோதம். ஆனால் பலித்தது. அரைமணியில் வெர்னும் டெஸ்ஸும் பிங்பாங் மேஜையை விரித்து, அதன்மேல் நல்ல மேஜைவிரிப்பைப் போட்டு, வான்கோழியையும் கிரான்பெரி பச்சடியையும் பூசணிப் பணியாரத்தையும் ஒவ்வொன்றாகக் கார் ஷெட்டுக்குக் கடத்திவிட்டார்கள்.

நாடீன் சமையலறையில் தனியாக நின்றாள். தன் வீட்டு விருந்து தன் வீட்டைவிட்டு நடந்து போவதைப் பார்த்தாள். எரிச்சல் வந்தது. கூடவே ஒரு திருப்தியும் வந்தது. சட்டம் நின்றுவிட்டது. வாசலைத் தாண்டி ஒரு தும்மல்கூட வரவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு அவளும் போனாள். போனவுடன் முதல் வேலையாகக் கார் ஷெட்டின் பெரிய கதவை முழுசாகத் தூக்கிவிட்டாள்.

"காத்து வரணும்" என்றாள். "அண்ணி, நீங்க அந்தக் கோடியில, கதவோரமா உக்காருங்க."

"பனி மேல விழுது."

"விழட்டும். நல்லது."

*

தேங்க்ஸ்கிவிங் மேஜையில் சாப்பிடுமுன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கூபியாக் வீட்டில் அது பழி தீர்க்கும் வழக்கமும்கூட.

"குடும்பம் ஒன்னா இருக்கிறதுக்கு நன்றி" என்று வெர்ன் ஆரம்பித்தான். தொப்பியில் பனி. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பரீட்சை முடிஞ்சதுக்கு" என்றாள் டெஸ்.

"பல்லும் மூக்கும் இன்னும் என் சொந்தமா இருக்கிறதுக்கு" என்றாள் லொரெய்ன். "வீடு மாதிரி அதையும் யாரும் எழுதி வாங்கலியே, அதுக்கு."

"சொன்ன பேச்சைக் கேக்கிற ஜீவன் இந்த வீட்டுல மூணு இருக்கிறதுக்கு" என்றாள் நாடீன்.

"கேக்குதா? போன கிறிஸ்துமஸ்ல என் கைக்குட்டையைக் குடுன்னா குடுக்கலியே."

 அந்தக் கைக்குட்டையைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. லொரெய்னே சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்பது போலப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். வெண்ணெய் வாசனையோடு ஆவி எழும்பியது.

"சாப்பிடுங்க. ஆறிப் போகுது."

சாப்பிட்டார்கள். கோட்டும் கையுறையுமாக வான்கோழி தின்பது சுலபமில்லை. ஒரு பக்கம் ஹீட்டர் காலைச் சுட்டது, மறுபக்கம் காற்று காதை அறுத்தது. பக்கத்து வீட்டு ஆள் பனி தள்ள வந்தவன், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வெர்ன் கையை ஆட்டினான். அவனும் ஆட்டினான். வேறென்ன செய்வான்?

நாடீனுக்குக் குளிர ஆரம்பித்தது. எல்லோருக்கும்தான் குளிர்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முட்கரண்டியைப் பிடித்த கை நடுங்கியது. ஒரு பியரோகியை எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். அப்புறம் எடுக்கவில்லை.

லொரெய்ன் அந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன், பிடிக்கலியா?"

"நல்லா இருக்கு."

"என்ன நல்லா இருக்கு? வெங்காயத்துல இந்தத் தடவை என்ன போட்டிருக்கேன் சொல்லு."

 வெங்காயம் இருந்ததே நாடீனுக்குத் தெரியவில்லை. மெழுகை மென்ற மாதிரிதான் இருந்தது.

"பன்றிக்கறி வறுத்துப் போட்டிருக்கேன்" என்றாள் லொரெய்ன். "தெரு முனைக்கு அடிக்குது அந்த வாசனை. இந்தக் குடும்பத்துல என் பியரோகியை ஒன்னோட நிறுத்தினவ இன்னும் பிறக்கல. அந்தத் துப்பாக்கியை இங்க குடு."

"எதுக்கு?"

"குடுன்னா."

கொடுக்கவில்லை. லொரெய்ன் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, நாடீனின் கோட்டுப் பையில் கையைவிட்டு அதை எடுத்தாள். ஃபெரட்டுகள்கூட அவ்வளவு சுலபமாகத் திருடியதில்லை. ஒரு கை தூரத்தில் நின்று, நெற்றிக்கு நேரே நீட்டி அமுக்கினாள். அது சிவப்பாக மின்னிக் கத்தியது.

"நூத்திரண்டு" என்றாள் லொரெய்ன். சொன்ன குரலில் வெற்றி இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

"வயசுச் சூடு" என்றாள் நாடீன்.

"அம்மா, அதுக்கு வேர்க்கும்" என்றாள் டெஸ். "இப்படி வெடவெடன்னு நடுங்காது."

நாடீனுக்கு அப்போதுதான் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. போன வெள்ளிக்கிழமை பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பாதி, அவள் பிடரிக்குப் பின்னால் வழி நெடுக இருமிக்கொண்டே வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்து, "வாயைப் பொத்திக்கிட்டு இருமுங்க" என்று அதட்டினாள். அதட்டினால் கிருமி பயந்துவிடுமா? ஊரார் மூக்கையெல்லாம் ஒரு வருஷமாகக் காவல் காத்தவள் தன் மூக்கை விட்டுவிட்டாள்.

அந்தச் சூட்டோடுதான் காலையில் உள்ளே போயிருக்கிறாள். கஞ்சியை விரலால் ஊட்டியிருக்கிறாள்.

விரலால் ஊட்டியது நினைவுக்கு வந்ததும் நேரம் நினைவுக்கு வந்தது. டியூக்கின் அடுத்த வேளை தாண்டி முக்கால் மணியாகியிருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தலை சுற்றியது. சமையலறைக்குள் திறக்கும் கதவை நோக்கி நடந்தாள். அவளுக்கு முன்னால் லொரெய்ன் அங்கே போய்க் குறுக்கே நின்றாள்.

"எங்க போறே?"

"தள்ளுங்க. டியூக் சாப்பிடணும்."

"வாசல் கதவுல என்ன எழுதியிருக்கு?"

"மாஸ்க் போட்டுக்கறேன்."

"என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன்."

"நான் எழுதினது எனக்குத் தெரியும். தள்ளுங்க. இது என் வீடு."

"காலையில நான் நின்னதும் இதே வீட்டு வாசல்தான்" என்றாள் லொரெய்ன். அசையவில்லை. "எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? என்னைப் பனியில உக்கார வச்சது சரின்னா நீயும் வெளியில நில்லு. அது தப்புன்னா இப்பவே சொல்லு, மன்னிப்புக் கேளு, நான் தள்ளிக்கறேன். போய் எல்லாத்து மூஞ்சியிலயும் இருமு."

நாடீன் புருஷனைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் வெர்ன் எந்தப் பக்கமும் சாய்ந்ததில்லை.

"நாடீன்" என்றான் வெர்ன். "உள்ளே போகாதே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் சொன்னதால் இல்லை. அவன் சொன்னது சரி என்பதால். மன்னிப்புக் கேட்க அவளால் முடியாது. சட்டம் தப்பென்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது தப்பில்லை. இரண்டும் முடியாத இடத்தில் ஒரே வழிதான் இருந்தது. பின்வாங்கி நின்றாள்.

"அப்ப யாரு ஊட்டுவா? இவருக்கு இருமல். இவ தோழிக்குக் காய்ச்சல்."

லொரெய்ன் மானியைத் திருப்பித் தன் நெற்றிக்கே நீட்டி அமுக்கினாள். பச்சை. அதை நாடீனின் முகத்துக்கு எதிரே காட்டினாள்.

"தொண்ணூத்தெட்டு. காலையிலேயே இதுதான் இருந்திருக்கும். நீ மரியாதையாக் கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

"நீங்க என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க."

"எங்க உக்காந்து? அந்தக் கோடியில, கதவோரத்துல, காத்துல. நீ வச்ச இடம்." கோட்டைக் கழற்றி வெர்ன் கையில் திணித்தாள். "மாஸ்க் எங்க இருக்கு? கையை எத்தனை தடவை கழுவணும்?"

*

பின்னறை ஜன்னல் கொல்லைப்புறத்தில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. வெர்னின் பெரிய கோட்டைப் போர்த்திக்கொண்டு, காதில் போனை வைத்துக்கொண்டு, நாடீன் வெளியே நின்றாள். தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. வெர்ன் குடை பிடிக்க வந்தான். போ என்றாள். போகவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லொரெய்ன், நாடீனின் துவைத்த அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு, மாஸ்க்கோடு, போனை ஸ்பீக்கரில் வைத்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு பக்கமும் துணித் தொட்டில்கள் தொங்கின. முப்பது வருஷம் பள்ளிக்கூடக் காரியாலயத்தில் பிள்ளைகளை நடுங்க வைத்தவள், இப்போது சுவரோரமாகவே நகர்ந்தாள்.

"எது உன் கிழவன்?"

"நீலத் தொட்டில். எழுப்புங்க."

லொரெய்ன் கையை நீட்டி, இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டினாள். டியூக்கைத் தூக்கினாள். அது ஈரத்துணி போல இரண்டு பக்கமும் தொங்கியது.

"நாடீன்." போனில் அவள் குரல் மாறிவிட்டது. "இது செத்துப் போச்சு."

 ஃபெரட் வளர்க்கிற எல்லோரும் ஒரு தடவையாவது, உயிரோடு தூங்குவதைச் செத்துவிட்டதென்று நினைத்து அழுதவர்கள்தான். அது தூங்கினால் பிணம் தோற்றுவிடும்.

"பதறாதீங்க. வாயைப் பாருங்க. எச்சில் வழியுதா?"

"ஆமா. கழுத்தெல்லாம் ஈரம்."

அப்படியென்றால் தூக்கமில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது.

"அலமாரியில தேன் இருக்கு. பஞ்சுக் குச்சியில தொட்டு ஈறுல தேயுங்க. தொண்டைக்குள்ள விடாதீங்க, புரை ஏறிடும். விரலை விடாதீங்க, கடிச்சிடும்."

லொரெய்ன் தேடினாள். தேன் இருந்தது. பஞ்சுக் குச்சி டப்பா காலியாகத் தரையில் கிடந்தது. பிக்கிள் அதை எப்போதோ தன் குகைக்குக் கடத்திவிட்டது. லொரெய்ன் டப்பாவைப் பார்த்தாள், டியூக்கைப் பார்த்தாள், தன் சுண்டுவிரலைத் தேனில் முக்கி அதன் வாய்க்குள் விட்டாள்.

"அண்ணி, விரல் வேண்டாம்னு..."

"சும்மா இரு."

தேய்த்தாள். மேல் ஈறு, கீழ் ஈறு. மறுபடி முக்கினாள். நாடீன் கண்ணாடியில் மூச்சு படிவதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.  வெர்ன் அவளைப் பிடித்துக்கொண்டான். டியூக்கின் பின்னங்கால் ஒரு தடவை உதறியது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் தாடை அசைந்தது, நாக்கு வெளியே வந்தது, விரலைத் தேடி நக்கியது. பிறகு அழுத்தமாக ஒரு கடி.

லொரெய்ன் கத்தவில்லை. "பல்லு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கிண்ணத்திலிருந்து கஞ்சியை அந்த விரலாலேயே எடுத்து ஊட்டினாள். தரையில் பிக்கிள் அவளுடைய இடது செருப்பை இழுத்துக்கொண்டு போனது. பார்த்தாள், விட்டுவிட்டாள்.

"முழுக்கச் சாப்பிடுதா?" என்றாள் நாடீன்.

"உன்னை மாதிரி ஒன்னோட நிறுத்தல."

நாடீன் சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் போனில் கேட்டது. சின்னதாக, பேனா மூடியைத் திறப்பது போல. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

லொரெய்ன் வெள்ளைத் தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள்.

"இந்த வெள்ளைச்சி தும்முறா."

"தூசியா இருக்கும்" என்றாள் நாடீன். "ஃபெரட் சும்மாவும் தும்மும்."

"மூக்கு ஒழுகுது. கண்ணும் ஒரு மாதிரி இருக்கு." லொரெய்ன் டியூக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான் இருந்தது. "இது இன்னிக்குத் தொத்தினதில்ல. நாலு நாளா இவளைத் தூக்கினது யாரு?"

வேறு யாரும் தூக்கவில்லை. வேறு யாரையும் அவள் தூக்க விடவில்லை.

"நான்தான்" என்றாள் நாடீன். "தினம் தூக்கினேன். காலையில மூக்கோட மூக்கு வச்சுக் கொஞ்சினேன்."

லொரெய்ன் டியூக்கின் கழுத்து ஈரத்தை அங்கி நுனியால் துடைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. ஈஸ்டர்ல நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. வெர்னும் நிக்கிறார், கேக்கட்டும். நான் வாங்கிக்கறேன்."

"சொல்லணும்னுதான் இருக்கு" என்றாள் லொரெய்ன். "ஏழு மாசமா நாக்கு நுனியில வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்." மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் சிவந்திருந்தன. "ஆனா இந்த வீட்டுல இன்னொன்னு போச்சுன்னா, யாரு கொண்டுவந்ததுன்னு எனக்குத் தேவையில்ல. போகக் கூடாது. நான் விடமாட்டேன். உனக்குக் காய்ச்சல் இறங்குற வரைக்கும் நான் இந்த ரூமைவிட்டு வெளியே வர்றதா இல்ல. வெர்ன்கிட்ட சொல்லு, என் மாத்திரையை எடுத்துட்டு வந்து கதவுகிட்ட வைக்கட்டும்."

"அண்ணி..."

"லீவு நாள்ல போன் எடுக்கிற டாக்டர் எவனாவது இருக்கானா? இருந்தா நம்பரைச் சொல்லு."

நாடீன் கொதிக்கிற நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, க்ளோவருக்காக மனப்பாடம் செய்திருந்த அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள்.